நூற்றுக்கு நாலு

இடது கை உறையை வலது கையில் மாட்டிப் பார்த்து அவஸ்தைப்பட்டவர்களுக்கு ஜெனோவாவின் வேலை பாதி புரிந்துவிடும். மீதிப் பாதி சில நாட்களில் அவளுக்கே புரிவதில்லை. மருந்து மூலக்கூறுகள் பலவற்றுக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. அதே அணுக்கள், அதே பிணைப்புகள். ஆனால் ஒன்று இடக்கை, மற்றது வலக்கை. கண்ணாடியில் காட்டினால் ஒன்று மற்றதாகத் தெரியும். மனித உடம்போ பெரிய பிடிவாதக்காரி. ஒரு கையைப் பிடித்துக் குலுக்குவாள், மறு கையைத் தட்டிவிடுவாள். சோதனைக் குடுவையில் சும்மா கலக்கி வைத்தால் இரண்டும் சரிபாதியாக வந்து நிற்கும். வேண்டிய கையை மட்டும் வரவழைக்க ஒரு வினையூக்கி தேவை. கரியும் நைட்ரஜனும் கொஞ்சம் ஆக்சிஜனும் சேர்ந்த குட்டி மூலக்கூறு போதும், உலோகம்கூட வேண்டாம். அது நடுவில் நின்றுகொண்டு, தேர்த் திருவிழாவில் வரிசையை ஒழுங்கு செய்கிறவன் மாதிரி, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பும். அப்படிப்பட்ட குட்டிகளை வடிவமைப்பதற்காகத்தான் தூத்துக்குடியில் கடலைப் பார்த்த ஒரு மருந்துக் கம்பெனி ஜெனோவாவுக்குத் தனி அறையும் கதவில் பெயர்ப் பலகையும் கொடுத்திருந்தது.

அவள் கணவன் இன்னாசி கடலுக்கு அடியில் இருந்தான். 'கடலில் வேலை' என்று சொன்னால் அந்த ஊரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், ஆனால் இது நிஜமாகவே அடியில். இந்தியப் பெருங்கடலின் தரையில் உருளைக்கிழங்கு உருளைக்கிழங்காக உலோகக் கட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்க ஒரு நிலையம் கட்டி ஆட்களைக் குடிவைத்திருந்தார்கள். அந்த அழுத்தத்துக்கு உடம்பு பழகவே வாரக்கணக்கில் ஆகும். திரும்பி மேலே வர அதைவிட அதிகம். நினைத்தால் பஸ் ஏறி வர அது கன்னியாகுமரி இல்லை. அதனால் மூன்று வருஷ ஒப்பந்தம்.

முதலில் போன கூட்டம் பாதியிலேயே உடைந்துபோனது. வேலையால் அல்ல, வீட்டு நினைப்பால். ஒருவன் 'வீட்டுக்குப் போயிட்டு வந்திருதேன்' என்று சொல்லிவிட்டு வெளிக்கதவைத் திறக்கப் போனான். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் 'நிம்மா' மாத்திரை. மறதி மாத்திரை அல்ல. மனைவி பெயர், பிள்ளை முகம், தெருமுனை டீக்கடை எல்லாம் நினைவிருக்கும். நினைத்தால் நெஞ்சை அடைக்காது, அவ்வளவுதான். அதைத் தயாரித்தது ஜெனோவாவின் கம்பெனி. கணவன் சாப்பிடும் மாத்திரையை மனைவியே செய்வதில் அவளுக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பேச அனுமதி. மாத்திரை போட்டாலும் இன்னாசிக்கு ஒரு சின்ன நமைச்சல் மிச்சம் இருந்தது. இரண்டு நிமிஷம் பேசியதும் கேட்பான்.

"ஏட்டி, போன அடுக்களையில வச்சிரு. பேசாத. நீ பாட்டுக்கு வேலயப் பாரு."

"என்னத்துக்கு?"

"சும்மா கேட்டுக்கிட்டு கெடக்கேன்."

அவள் மேடையில் போனைச் சாய்த்து வைத்துவிட்டுக் கடுகு தாளிப்பாள், மீன் கழுவுவாள், ஜன்னலில் வந்து நிற்கும் பூனையைத் திட்டுவாள். அவன் கடலடியில் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்பான். முதலில் வெட்கமாக இருந்தது. அப்புறம் அவள் பாத்திரங்களை வேண்டுமென்றே கொஞ்சம் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள்.

இதற்கிடையில் நிம்மாவில் ஒரு குறை இருந்தது. குறை என்று ஜெனோவாதான் சொன்னாள். வேறு யாரும் சொல்லவில்லை. பழைய வினையூக்கி நூற்றுக்குத் தொண்ணூற்றாறு இடக்கை வடிவத்தைக் கொடுத்தது. மீதி நாலு வலக்கை. உடம்புக்குக் கெடுதல் இல்லை என்று சோதித்துப் பார்த்து அனுமதித்த நாலு. ஆனாலும் இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு அது வெள்ளை வேட்டியில் காபிக்கறை. தலைமை விஞ்ஞானி கோதண்டம் கேட்டார்.

"அந்த நாலு என்னம்மா பண்ணுது?"

"ஒண்ணும் பண்ணல சார். சும்மா இருக்கு."

"சும்மா இருக்கற மாப்பிள்ளைய வீட்ல வச்சுக்கலாம், மாத்திரைல வச்சுக்கக் கூடாது. எடுத்துடு."

ஜெனோவா வினையூக்கியின் ஓரத்தில் ஒரு சின்னக் கையைச் சேர்த்தாள். அந்தக் கை தப்பான பக்கத்தை அடைத்துக்கொண்டது. வலக்கை வடிவம் துப்புரவாக மறைந்தது. கருவியில் அந்த நாலு இருந்த இடத்தில் தட்டையான கோடு மட்டும் வந்தபோது அவள் அறையிலேயே கைதட்டினாள். கேக் வெட்டினார்கள். அதே மருந்து, முன்னைவிடத் தூய்மை, மறுபடி மனிதர்களிடம் சோதிக்கத் தேவையில்லை என்று அனுமதியும் சுலபமாக வந்துவிட்டது. சுத்தம் அதிகமானால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?

அடுத்த சரக்குக் கலத்தில் புது மாத்திரை கீழே போனது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிறு, அவளே போனை அடுக்களை மேடையில் வைத்தாள். "என்ன செய்யுத?" என்று கேட்டான் இன்னாசி.

"நீங்க கேப்பீங்கள்லா, அதான்."

"அடுப்புச் சத்தம் எல்லா வீட்லயும் ஒண்ணுதான ஜெனோ. வேற எதும் சொல்ல இருக்கா?"

கோபம் இல்லை, சலிப்பு இல்லை. நல்ல மரியாதையான குரல். வேலை அலுப்பாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அதற்குப் பிறகு அழைப்புகள் சுருங்கின. அனுமதித்த நேரம் பாதி மிஞ்சியது.

அடுத்த வீட்டுப் பெர்பெத்துவாவின் கணவன் ராயப்பனும் பிள்ளை பிறந்த கையோடு போய் அதே நிலையத்தில்தான் இருந்தான். துணி காயப்போடும்போது அவள் மதில்மேல் சாய்ந்துகொண்டு பொரிந்து தள்ளினாள்.

"யக்கா, புள்ள நடக்க ஆரம்பிச்சிட்டான்னு எங்க வீட்டுக்காரருகிட்ட சொல்லுதேன். 'நல்லது'ங்காரு. நல்லதுன்னா? முனிசிபாலிட்டி ஆபீஸ்ல மனு குடுத்தா சொல்லுவான்லா, அது மாரி நல்லதுன்னா? முன்னாலல்லாம் புள்ள தும்முனாலே அழுவாரு."

ஜெனோவா நாட்காட்டியைப் பார்த்தாள். ஒப்பந்தம் முடிய அதிக நாள் இல்லை. வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும். வீட்டுக்கு வெள்ளையடித்தாள். ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்தாள். அவனுக்குப் பிடித்த மஞ்சள் நிறம்.

அந்த ஞாயிறு அவன் சாவகாசமாகச் சொன்னான், இன்னும் மூன்று வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டதாக.

"வரலையா?"

"இங்கன வேல கெடக்கு ஜெனோ."

"நான் மூணு வருசமா காத்துக்கிட்டு இருக்கேன்."

"தெரியும். பாவந்தான்." யாரோ பக்கத்து ஊர்க்காரியைப் பற்றிச் சொல்வதுபோல் இருந்தது.

"உங்களுக்கு வரணும்னு இல்லியா?"

அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான் என்பதுதான் கொடுமை. தொலைந்த சாமானைத் தேடுகிறவன்போல உள்ளே போய்த் துழாவிவிட்டு வந்து சொன்னான். "தேடிப் பாத்தேன், இல்ல. இருந்தா வந்திருவேன்."

அன்று அவள் மஞ்சள் திரையின் கீழே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவனைத் திட்டக்கூட முடியவில்லை. சண்டை போடுவதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டும் அல்லவா?

மறுநாள் கம்பெனிக் கூட்டத்தில் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். கடலடி நிலையத்தில் ஒரே ஒருவர்கூட விடுப்புக் கேட்கவில்லை, அத்தனை பேரும் ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள், நிம்மாவின் வெற்றி. எல்லோரும் ஜெனோவாவைப் பார்த்துக் கைதட்டினார்கள். கைதட்டலுக்கு நடுவிலேதான் அவளுக்குப் பொறி தட்டியது. எப்போதிலிருந்து? புது மாத்திரை கீழே போனதிலிருந்து. அவள் எடுத்தது அந்த நாலை மட்டும்தான்.

ஆய்வுக்கூடத்தில் மூளைச் செல்களை வளர்த்து, அவற்றின்மேல் இரண்டு வடிவங்களையும் தனித்தனியாகவும் சேர்த்தும் விட்டுப் பார்த்தாள். பிறகு கோதண்டத்தின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சார், ஏக்கத்துக்கு ஒரு பூட்டு இருக்குன்னு வைங்க. நம்ம இடக்கை வடிவம் சாவி மாதிரி உள்ள போயி பூட்டிருது. பூட்டிட்டு அங்கயே மாட்டிக்கிடுது, வெளிய வர மாட்டேங்குது. வலக்கை வடிவந்தான் அதத் தட்டித் தட்டி எடுக்கு."

"அந்த நாலா?"

"அந்த நாலுதான். அது இருந்தவரைக்கும் பூட்டு அப்பப்ப கொஞ்சம் திறந்துச்சு. வீட்ட நெனைக்க முடிஞ்சுச்சு. அதப்போயி நாம அழுக்குன்னு கழுவிட்டோம்."

கோதண்டம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாத்திரைய நிறுத்திட்டா?"

"மாட்டின சாவி தானா வராது சார். மறுபடியும் அந்த நாலச் சேக்கணும்."

"எப்படிம்மா சேக்கறது? சுத்தமான மருந்துல நாலு பங்கு அழுக்கக் கலக்கறேன்னு எழுதிக் குடுத்தா அதுக்குப் பேரு கலப்படம். உள்ள தள்ளிடுவான். அதுவும் இல்லாம, அவங்க சந்தோஷமா இருக்காங்கன்னு மேலிடம் சொல்லுது."

"சந்தோசமா இல்ல சார். ஒண்ணுமில்லாம இருக்காங்க."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு கோப்பைத் திறந்தார். கெட்டவர் இல்லை; ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலமே இருந்த நல்லவர். அப்படிப்பட்டவர்களிடம் அதிகம் எதிர்பார்க்க முடியாது.

ஜெனோவா தானே இறங்கினாள். அவளுடைய வினையூக்கியின் அடிப்படை ஓர் அமினோ அமிலம். இயற்கை அதை இடக்கை வடிவில்தான் கொட்டிக் கொடுக்கும். வலக்கை வடிவமும் புட்டியில் வாங்கக் கிடைக்கும். அதை வாங்கி, தன்னுடைய வினையூக்கியையே கண்ணாடிப் பிம்பமாகக் கட்டினாள். வினையூக்கியைத் திருப்பிப் போட்டால் அது பிறப்பிக்கும் மருந்தும் திரும்பிவிடும். கிடைத்த பொடியைக் கரைத்து ஒளிக்கற்றையை அதன் வழியே செலுத்தினாள். முன்பு இடப்பக்கம் திரும்பிய ஒளி அதே அளவு வலப்பக்கம் திரும்பியது. இடக்கையின் தடயமே இல்லை. அந்த நிலைமையிலும் அவளுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

இன்னாசியைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்று உறுதியாக இருந்தாள். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். தன் கை வேலைதான் அவனை இப்படி ஆக்கியது என்பதையும் சொன்னாள்.

"சரி, அனுப்பு," என்றான்.

"திரும்ப ஏக்கம் வரும். கஷ்டமா இருக்கும்."

"வந்தா வரட்டும்."

"வேண்டாம்னா சொல்லிருங்க. கட்டாயம் இல்ல."

"வேணும்னும் தோணல, வேண்டாம்னும் தோணல ஜெனோ. நீதான கேக்க? அனுப்பு."

தூங்குகிறவனின் கட்டைவிரலைப் பிடித்துக் கைநாட்டு வாங்கியதுபோல் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வாங்கினாள். வீடுகளிலிருந்து பண்டம் அனுப்ப அனுமதி உண்டு. ஊரின் முந்திரி மக்ரூன் டப்பாவுக்குள் மருந்தை வைத்து, எப்படிச் சாப்பிட வேண்டும் என்று போனில் சொல்லி அனுப்பினாள்.

அடுத்த அழைப்பு ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. வேலை நாளில், நிலையத்தின் அவசர இணைப்பில் வந்தது. எடுத்ததும் அழுகை. ஓர் ஆண்பிள்ளை அப்படி அழுது அவள் கேட்டதில்லை.

"ஜெனோ… ஜெனோ… எனக்கு இங்க இருக்க முடியாது. ஒன்னப் பாக்கணும். என்னைய மேல எடுக்கச் சொல்லு, ஏட்டி!"

அவளும் அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். மருத்துவக் காரணம் சொல்லிக் கோதண்டமே கையெழுத்துப் போட்டு அவனை மேலே எடுக்க ஏற்பாடு செய்தார்.

துறைமுகத்தில் அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கும் அறையில் அவனை வைத்திருந்தார்கள். அதற்கு ஒரு தடித்த கண்ணாடி ஜன்னல். ஜெனோவா வேலை முடிந்து தினமும் அங்கே போனாள். அவன் உள்ளேயிருந்து கண்ணாடியில் உள்ளங்கையை வைப்பான், இவள் வெளியே வைப்பாள். இடைத்தொலைபேசியில் பழையதையெல்லாம் பேசினான். பெண் பார்க்க வந்த அன்று அவள் கொலுசு ஒற்றையாக இருந்ததைக்கூடச் சொன்னான். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

கதவு திறந்த நாளில் அவன் ஓடி வந்து கட்டிக்கொண்டான். எலும்பு நொறுங்கும்படி இறுக்கினான். அவளும் முகத்தை அவன் தோளில் புதைத்துக்கொண்டாள். பிறகு, டீ ஆறுகிற நேரத்துக்குள், பிடி தளர்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவள் தலைக்கு மேலாகக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் மஞ்சள் திரையைப் பார்த்து நல்லாயிருக்கு என்றான். வஞ்சிரமீன் குழம்பை வழித்துச் சாப்பிட்டான். அதன் பிறகு மொட்டைமாடிக்குப் போய்க் கடலைப் பார்த்து உட்கார்ந்தான். அடுத்த நாளும் உட்கார்ந்தான். அவள் போய்ப் பக்கத்தில் அமர்ந்தாள்.

"என்னங்க பாக்கீங்க?"

"அங்க ஒரு இருட்டு உண்டு ஜெனோ. இங்க ராத்திரிகூட அப்படி இருக்காது. பம்பு ஓடுத சத்தம் நெஞ்சுக்குள்ளயே கேக்கும். ராயப்பன் சீட்டு வெளையாடும்போது கள்ள ஆட்டம் ஆடுவான்…" அவன் கண்ணில் நீர் வழிந்தது. "போகணும் போல இருக்கு. தாங்க முடியல."

"நான் இங்கன இருக்கேனே."

"இருக்க. அதான்." அவன் அவளை இரக்கத்தோடு பார்த்தான். "இருக்கது எதுவும் எனக்குத் தெரிய மாட்டேங்கு. இல்லாததுதான் கூப்பிடுது."

கோதண்டத்தை வீட்டுக்கு அழைத்தாள். அவர் இன்னாசியிடம் நெடுநேரம் பேசினார், ரத்தம் எடுத்துக்கொண்டு போனார், பிறகு தன் அறையில் அவளை உட்காரவைத்துக் கேட்டார்.

"எவ்ளோம்மா அனுப்பின?"

"சுத்தமான வலக்கை சார். முழுசா."

"நாலு பங்கு மெதுவா தட்டித் திறந்த பூட்டு. நீ நூறையும் ஒரே போடா போட்டுட்ட. பூட்டு உடைஞ்சிடுச்சு. இடக்கை குடுத்தாலும் இனிமே அதுல எந்தச் சாவியும் நிக்காது, பாத்துட்டேன். நமக்கெல்லாம் நினைச்சது கிடைச்சா பூட்டு தானா சாத்திக்கும். அதுக்குப் பேருதான் நிம்மதி. அவருக்குச் சாத்தாது. நீ கிடைச்சதும் கடல். கடல் கிடைச்சா நீ." நிறுத்திவிட்டுத் தணிந்த குரலில் கேட்டார். "ஏம்மா, பழையபடி நூத்துக்கு நாலுன்னு கலந்து அனுப்பியிருக்கலாமே? உனக்குத் தெரிஞ்ச கணக்குதானே?"

ஜெனோவா தன் கைகளைப் பார்த்தாள்.

"தெரியும் சார். கலந்து அனுப்ப மனசு வரல. சுத்தமா இருக்கணும்னு நெனச்சிட்டேன்."

முதல் தடவை கம்பெனிக்காகச் செய்த அதே தப்பை இரண்டாம் தடவை புருஷனுக்காகச் செய்திருந்தாள். படித்த படிப்பு அப்படி. கறையைக் கண்டால் கழுவாமல் இருக்கத் தெரியாத கை.

விஷயம் பெர்பெத்துவாவுக்குத் தெரிந்துவிட்டது. இன்னாசி அழுவது மதில் தாண்டிக் கேட்கிறதே. ஒரு சாயங்காலம் இடுப்பில் பிள்ளையோடு வந்து வாசலில் நின்றாள்.

"யக்கா, அந்த மருந்த எனக்கும் குடுங்க."

"வேண்டாம்டி. மாடில போயிப் பாரு, எப்படி இருக்காருன்னு."

பெர்பெத்துவா மாடிக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் சொன்னாள்.

"பாத்தேன். இருந்தாலும் குடுங்க. வீட்ல இருந்துகிட்டு கடல நெனச்சு அழட்டும். ஆளு வீட்ல இருக்காரா இல்லியா? எம் புள்ளைக்கு அது போதும்."

ஜெனோவா அவளை உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தாள். பிறகு தனக்குத் தெரிந்த எல்லாவற்றுக்கும் விரோதமான ஒரு வேலையைச் செய்தாள். சுத்தமான இடக்கைப் பொடியில் வலக்கைப் பொடியைத் தன் கையாலேயே கலந்தாள். நூற்றுக்கு நாலு. கலக்கும்போது கை கூசியது. ராயப்பனுக்கு அது மக்ரூனோடு போனது. மெதுவாக, பல ஞாயிறுகள் கழித்து, "எம் மவன் என்ன பேசுதான்?" என்று அவன் கேட்டானாம். அந்த ஒரு வரியைப் பெர்பெத்துவா தெரு முழுக்கச் சொன்னாள்.

மற்றவர்களுக்கு ஒரு வழியைக் கோதண்டம் கண்டுபிடித்தார். புது வினையூக்கி கட்டுப்படியாகவில்லை, பழைய வினையூக்கிக்கே திரும்புகிறோம் என்று எழுதினார். அழுக்கு வேண்டும் என்றால் குற்றம். சிக்கனம் என்றால் பாராட்டு. அதை ஒருவரும் தடுக்கவில்லை. ஒவ்வொருவராக விடுப்புக் கேட்க ஆரம்பித்தார்கள். ராயப்பன் வந்து சேர்ந்தான். வந்த மூன்றாம் நாளே சோற்றில் உப்பு இல்லை என்று பெர்பெத்துவாவிடம் சண்டை போட்டான், பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் சுற்றினான். ஜெனோவா ஜன்னலில் நின்று அதைப் பார்த்தாள். பொறாமையாக இருந்தது. தன் புருஷனை உடைத்துக் கற்றுக்கொண்ட அளவில்தான் அத்தனை புருஷர்களும் வீடு திரும்பினார்கள் என்பது அவளுக்கும் கோதண்டத்துக்கும் மட்டும் தெரியும்.

ஒரு நாள் அவள் சந்தைக்குப் போனவள் மழையில் மாட்டிக்கொண்டு நேரமாகிவிட்டது. திரும்பும்போது தெருமுனையில் இன்னாசி நனைந்துகொண்டு நின்றான். வருகிறவர் போகிறவரையெல்லாம் நிறுத்தி, "எம் பொண்டாட்டியப் பாத்தியளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். முகம் கோணிப்போயிருந்தது. கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் அவள் பார்த்த அதே முகம். "இந்தா வந்துட்டேன்லா," என்று குடையோடு ஓடினாள். அவன் அவளைப் பார்த்தான். ஒரு கணம் மலர்ந்தான். அடுத்த கணம் அந்த முகம் விளக்கணைந்த வீடுபோல் ஆகி, துறைமுகப் பக்கம் திரும்பிக்கொண்டது.

அதன் பிறகு அவள் வேண்டுமென்றே வெளியே போய்ப் பார்த்தாள். அம்மன் கோயில் தெரு வரைக்கும் போய் ஒளிந்து நின்றாள். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். அவள் இல்லாதபோது அவன் அவளுடையவன். வந்ததும் கடலுடையவன்.

மலையடிவாரத்துக் கம்பம் ஊரில், ஒரு பெண்கள் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் வேலை இருப்பதாகக் கோதண்டம் சொன்னார். அவள் வெளியூரில் வேலை தேடுவது எதற்கு என்று அவர் கேட்கவில்லை, புரிந்திருக்கும். இன்னாசியைப் பார்த்துக்கொள்ள ராயப்பனிடமும் பெர்பெத்துவாவிடமும் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள். வாசல்வரை வந்து வழியனுப்பியபோது அவன் சாதாரணமாகத்தான் இருந்தான். ஆட்டோ தெருமுனையைத் தாண்டுமுன் அவள் போன் அடித்தது.

அதிலிருந்து தினமும் பேசினான். கல்யாணமான புதிதில்கூடச் சொல்லாததையெல்லாம் சொன்னான். அவள் தலையணையின் பள்ளம், அவள் மிச்சம் வைத்துப்போன சோப்பு, எல்லாவற்றையும் சொல்லிச் சொல்லி அழுதான். அவள் விடுதி அறையில் கட்டிலில் படுத்துக்கொண்டு கேட்டாள். ஒருத்தனை இப்படி அழவைத்துச் சுகம் காண்கிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. போனை வைக்கவும் முடியவில்லை.

ஒரு சனிக்கிழமை அவனே புறப்பட்டு வந்துவிட்டான். பஸ் நிற்பதற்குள் குதித்தான். கம்பம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க அவள் இரண்டு கையையும் பிடித்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

"என்னால முடியல ஜெனோ. வந்திரு. வீட்டுக்கு வந்திரு."

"வாங்க, முதல்ல டீ குடிங்க," என்றாள்.

கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அவன் அவள் கையை விடவில்லை. அவள் அசையாமல் இருந்தாள். அசைந்தால் சீக்கிரம் போய்விடும் என்பதுபோல. டீ வந்தது. அவன் கிளாசை எடுப்பதற்காகக் கையை எடுத்தான். குடித்து முடித்தபின் அந்தக் கை திரும்பி வரவில்லை.

"போயிருச்சா?" என்று கேட்டாள்.

"போயிருச்சு," என்றான், பொய் சொல்லத் தெரியாமல். பிறகு சுற்றிலும் மலைகளைப் பார்த்தான். "இங்கருந்து கடல் எந்தப் பக்கம்?"

அவள் கிழக்கே கையைக் காட்டினாள். அவன் பெஞ்சில் அந்தப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தான். அவன் முதுகையும் பிடரியில் நரைக்க ஆரம்பித்திருந்த முடியையும் அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். கை வைத்துக் கோதிவிட்டாள். அவன் உணரவில்லை.

அடுத்த பஸ்ஸிலேயே ஏற்றிவிட்டாள். ஜன்னலோர இடம் பிடித்துக் கொடுத்தாள். வழியில் சாப்பிட முறுக்கு வாங்கி மடியில் வைத்தாள். "அடுத்த வாரம் வந்திருதேன்," என்றாள். "சரி," என்றான் அவன், மலைக்கு அந்தப்புறம் எங்கேயோ பார்த்துக்கொண்டு.

பஸ் பின்னால் நகர்ந்து, திரும்பி, வாசலை நோக்கி மெதுவாக ஊர்ந்தது. அவளுக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஆட்கள் வந்தார்கள், ஒரு பூக்காரி வந்தாள், ஒரு லாரி வந்தது. லாரி விலகியபோது ஜன்னலிலிருந்து அவன் தலை வெளியே வந்தது. பிறகு தோள், பிறகு பாதி உடம்பு. "ஜெனோ! ஏட்டி ஜெனோ!" என்று கத்தினான். கண்டக்டர் சட்டையைப் பிடித்து உள்ளே இழுக்க, அவன் முகமெல்லாம் கண்ணீராக, இரண்டு கையையும் அவளை நோக்கி நீட்டினான். முறுக்குப் பொட்டலம் ரோட்டில் விழுந்து சிதறியது.

அவள் வாழ்நாளெல்லாம் பார்க்க ஆசைப்பட்ட முகம் அது. வேகத்தடைக்காக பஸ் நின்றாற்போல் ஏறி இறங்கியது. நாலு எட்டு ஓடினால் பிடித்துவிடலாம். ஜெனோவா வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, இருந்த இடத்திலேயே நின்றாள்.